ராத்திரி வானம் ஏன் இருட்டு: திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு தப்பான பதில்

"ராத்திரியில் வானம் ஏன் இருட்டாக இருக்கிறது?" என்று கேட்டால் முதலில் வரும் பதில், "சூரியன் இல்லை, அதனால." கேட்டவர் விடாமல், "சூரியன் மாதிரியே எண்ண முடியாத அளவு நட்சத்திரங்கள் எல்லாப் பக்கமும் இருக்கே, அதெல்லாம் சேர்ந்து வானத்தை வெளிச்சமாக்கியிருக்கணுமே?" என்று கேட்டால், இரண்டாவது பதில் ஒன்று தயாராக இருக்கும். "பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. தூரத்து நட்சத்திரங்களின் ஒளி வரும் வழியிலேயே நீண்டு, சிவப்பாகி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது." யூடியூப் வீடியோவில் இருந்து பொது அறிவுப் புத்தகம் வரை இதைப் பார்க்கலாம். சொல்பவர் முகத்தில் ஒரு திருப்தியும் இருக்கும்.

இந்த இரண்டாவது பதில்தான் இந்தப் பதிவின் விஷயம். அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

கேள்வியை முதலில் ஒழுங்காக வைத்துக்கொள்வோம், பாதிக் குழப்பம் அங்கேதான். ஒரு சவுக்குத் தோப்புக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சின்னத் தோப்பாக இருந்தால் மர இடுக்கில் வெளியே ரோடு தெரியும். பெரிய தோப்பு என்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஏதாவது ஒரு மரத்தில் போய் முட்டும். நட்சத்திரங்கள் முடிவே இல்லாமல் பரவியிருந்தால் இதே கதைதான். எந்தத் திசையில் பார்த்தாலும் கோடு கடைசியில் ஒரு நட்சத்திரத்தின் மேல் போய் முட்டணும்.

"தூரத்து நட்சத்திரம் மங்கலாத்தானே தெரியும்?" என்று உடனே தோன்றும். மங்கல்தான். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் ஒரு நட்சத்திரத்திலிருந்து நமக்கு வரும் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ஆனால் அந்தத் தூரத்தில் இருக்கும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் நாலு மடங்காகிவிடும். கணக்கு சரிக்குச் சரி. ஆக, வானம் மொத்தமும் சூரியனின் முகம் மாதிரி தகதகவென்று இருக்க வேண்டும். ஒரு இஞ்சு கூட இருட்டு இருக்கக் கூடாது.

இதைக் கேட்டவர்களின் வரிசை சுவாரசியமானது. 1610-ல் கெப்ளர், முடிவில்லாத பிரபஞ்சம் என்பதற்கு எதிரான வாதமாகவே இதை வைத்தார். 1721-ல் ஹேலி, 1744-ல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஷேசோ, 1823-ல் ஓல்பர்ஸ். இந்த ஓல்பர்ஸ் பெயரில்தான் இன்று அது 'ஓல்பர்ஸ் முரண்பாடு' என்று வழங்குகிறது. அவர் தொழிலால் ஜெர்மனியின் ப்ரேமன் நகரத்து டாக்டர். பகலில் நோயாளிகள், ராத்திரி வீட்டு மாடியில் தொலைநோக்கி. பல்லாஸ், வெஸ்டா என்று இரண்டு சிறுகோள்களை அப்படித்தான் கண்டுபிடித்தார். கேள்விக்கு அவர் தந்த விடை, வெளியில் இருக்கும் தூசியும் வாயுவும் ஒளியை விழுங்கிவிடுகின்றன என்பது. விழுங்கிய பொருளே சூடாகி ஒளிர ஆரம்பித்துவிடும் என்று 1848-ல் ஜான் ஹெர்ஷல் அந்த விடையை முடித்துவைத்தார்.

எட்வர்ட் ஹாரிசன் என்ற வானியலாளர் 1987-ல் 'டார்க்னஸ் அட் நைட்' என்று இந்த ஒரே கேள்விக்கு ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சில அத்தியாயங்கள் தேவைக்கு மேல் நீளம், பழைய தத்துவவாதிகளை நிறையச் சுற்றிவருகிறார். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு பிரிப்பு இருக்கிறது, அதற்காகவே படிக்கலாம். வந்த விடைகளை எல்லாம் அவர் இரண்டு கூடையில் போடுகிறார். ஒன்று: வானம் உண்மையிலேயே நட்சத்திரங்களால் மூடப்பட்டிருக்கிறது, ஆனால் வெளிச்சம் வழியில் தொலைந்துபோகிறது. இரண்டு: வானம் மூடப்படவே இல்லை, நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. காணாமல் போனது ஒளியா, நட்சத்திரங்களா?

எங்கள் தொழிலில் இது தினசரிக் கேள்வி. டேட்டா வரவில்லை என்றால் முதலில் பார்ப்பது, அனுப்பியது வழியில் தொலைந்ததா, இல்லை அனுப்பவே இல்லையா. இரண்டுக்கும் தேடுகிற இடமே வேறு. தூசி, செம்பெயர்ச்சி இரண்டும் முதல் கூடை விடைகள். எந்தக் கூடை சரி என்று முடிவு செய்யாமலேயே நம் ஆட்கள் முதல் கூடையில் கைவிட்டு எடுத்துக்கொடுக்கிறார்கள்.

முடிவு செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. எக்செல்லில் நாலு செல் போதும். தோப்பில் பார்வை சராசரியாக எவ்வளவு தூரம் போகும்? ஒரு மரத்துக்கு உள்ள இடத்தை மரத்தின் தடிமனால் வகுத்தால் போதும். 2 மீட்டர் இடைவெளி, 20 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 4-ஐ 0.2-ஆல் வகுக்க, 20 மீட்டர். இதையே நட்சத்திரங்களுக்குப் போடுவோம். கேலக்ஸிகளில் உள்ள நட்சத்திரங்களை எல்லாம் பிரித்தெடுத்துப் பிரபஞ்சம் முழுக்கச் சமமாகத் தூவினால், பக்கத்துக்கு 3000 ஒளியாண்டு உள்ள ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ ஒரு நட்சத்திரம் தேறும். அந்தப் பெட்டியின் கன அளவை, சூரியன் அளவு வட்டத்தின் பரப்பால் வகுக்க வேண்டும். நான் போட்டபோது வந்தது 1-க்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்டால் வருகிற ஒளியாண்டு, கொஞ்சம் கூட. ஹாரிசன் தன் எண்களை வைத்துப் போட்டதும் இதை ஒட்டித்தான். நட்சத்திரங்களின் சராசரி அளவு, அடர்த்தி எல்லாவற்றையும் பத்து மடங்கு முன்னே பின்னே மாற்றிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது.

ஏனென்றால் பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி வருஷம். அதாவது 1-க்குப் பின்னால் பத்து பூஜ்யம் சொச்சம். வானத்தை மூட எவ்வளவு தூரத்து நட்சத்திரங்களின் ஒளி வந்து சேரணுமோ, அதில் 100 லட்சம் கோடியில் ஒரு பங்கு தூரம் ஒளி ஓடுவதற்குத்தான் இதுவரை நேரம் இருந்திருக்கிறது. தோப்பு முளைத்து இன்னும் ஒரு நாள் கூட ஆகவில்லை என்கிற மாதிரி. இரண்டாவது கூடைதான் சரி. நட்சத்திரங்கள் போதாது.

"சரி, வயதே இல்லாமல், எப்போதும் இருந்த பிரபஞ்சமாக இருந்தால்?" அப்போதும் இருட்டுத்தான். சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் எரிவது சுமார் 1000 கோடி வருஷம். மிகச் சிக்கனமாக எரியும் சின்னஞ்சிறு சிவப்புக் குள்ளன்கள் கூடப் பல லட்சம் கோடி வருஷம்தான். பின்னால் 24 பூஜ்யம் உள்ள கணக்குக்கு இதெல்லாம் பீடி நெருப்பு.

ஹாரிசனின் இன்னொரு கணக்கு இதைவிட எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் தூரமும் இல்லை, வயதும் இல்லை. நட்சத்திரங்களையே விட்டுவிடுங்கள். பிரபஞ்சத்தில் இருக்கிற பொருள் அத்தனையையும் ஐன்ஸ்டைன் சூத்திரப்படி முழுசாக ஒளியாக மாற்றிவிட்டால் வானம் எவ்வளவு சூடாகும்? சாதாரணப் பொருளின் சராசரி அடர்த்தி, நாலு கன மீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்கிற அளவு. போட்டுப் பார்த்தால் 15 கெல்வின் வருகிறது. ஹாரிசன் எடுத்துக்கொண்ட அடர்த்திக்கு 20 கிட்டே. சைபருக்குக் கீழே 250 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமான குளிர். சூரியன் மேற்பரப்பு மாதிரி 5800 கெல்வின் வேண்டுமென்றால் இதைப் போல இரண்டாயிரம் கோடி மடங்குக்கும் மேல் ஆற்றல் வேணும். நட்சத்திரமோ தான் எரிக்கும் ஹைட்ரஜனில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஒளியாக மாற்றுகிறது. சரக்கே இல்லாத கடையில், சாமான் வழியில் எங்கே தொலைந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் விரிவடைதலுக்குப் பங்கே இல்லையா? இதையும் ஒருவர் அளந்தே பார்த்துவிட்டார். 1987-ல் பால் வெஸ்ஸனும் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். அதே கேலக்ஸிகள், அதே வயது, விரிவடைதலை மட்டும் ஒருமுறை ஆன், ஒருமுறை ஆஃப். மென்பொருள்காரன் யாரும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். விரிவடைதல் இருந்தால் வானத்தின் வெளிச்சம், அது இல்லாததில் ஏறத்தாழ பாதி ஆகிறது. அவ்வளவுதான். கோடி கோடி மடங்கு குறைவை விளக்க வந்த காரணம், பாதியைத்தான் விளக்குகிறது.

பிறகு அந்தப் பதில் எங்கிருந்து வந்தது? 1948-ல் பாண்டி, கோல்ட், ஹாய்ல் மூவரும் 'மாறாநிலை' பிரபஞ்சக் கொள்கையை வைத்தார்கள். அதில் பிரபஞ்சத்துக்கு ஆரம்பமே கிடையாது, நட்சத்திரங்கள் எப்போதும் புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அந்தக் கொள்கையில் வயதைக் காரணம் காட்ட வழியில்லை. இருட்டுக்கு விரிவடைதல் ஒன்றுதான் கதி. பாண்டி 1952-ல் எழுதிய பாடப் புத்தகம்தான் 'ஓல்பர்ஸ் முரண்பாடு' என்ற பெயரையும் இந்த விடையையும் சேர்த்துப் பரப்பியது. அவர் கொள்கைக்குள் அது நியாயமான விடை. 1960-களில் கொள்கை அடிபட்டுப்போனது, விடை மட்டும் தங்கிவிட்டது. பழைய சிஸ்டத்தை நிறுத்தி வருஷக்கணக்கான பிறகும் அதற்காக எழுதிய ஒரு பங்ஷன் புது சிஸ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் தொட மாட்டார்கள், அந்த மாதிரி.

சரியான விடையின் வாசனையை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் எட்கர் ஆலன் போ, பேய்க்கதை எழுதிய அதே போ. 1848-ல் வந்த 'யுரேகா'வில், வெகுதூரத்து ஒளி இன்னும் நம்மை வந்து சேராததுதான் காரணமாக இருக்கணும் என்கிற யோசனை இருக்கிறது. 1901-ல் கெல்வின் பிரபு (மேலே வெப்ப அளவுக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான்) அதையே எண்களோடு போட்டார். அந்தக் கட்டுரையை எண்பது வருஷம் யாரும் சீண்டவில்லை, ஹாரிசன்தான் தூசி தட்டினார்.

எனக்கு இதில் வருத்தம் எங்கே என்றால், தப்பான விடை ஒரு பெரிய விஷயத்தை மறைத்துவிடுகிறது. மொட்டை மாடியில் நின்று மேலே பார்க்கும் யாரும், எந்தக் கருவியும் இல்லாமல், நட்சத்திரங்கள் எப்போதும் இருந்தவை இல்லை என்று சொல்ல முடியும். இருட்டுதான் சாட்சி. கெப்ளர் கையிலேயே அந்தச் சாட்சி இருந்தது. "விரிவடைகிறது, அதனால் தெரியவில்லை" என்று சொன்னதும் அது வெறும் கண் சம்பந்தப்பட்ட சமாச்சாரமாகிவிடுகிறது, கேட்டவரும் "ஓஹோ" என்று போய்விடுகிறார்.

என் மாதிரி அமெச்சூர்களையும் இதில் சும்மா விட முடியாது. கேள்வி நம்முடையது என்பதால் விடையும் நம் கையில் இருக்கிறது என்று நினைக்கும் ஒரு கூட்டம் உண்டு. "பெருவெடிப்பே பொய், இதோ என் கொள்கை" என்று 40 பக்கம் பிடிஎஃப் வரும். அதில் ஒரு கணக்கு கூட இருக்காது. போ சொன்னது யோசனை, கெல்வின் போட்ட பிறகுதான் அது விடையானது. இந்த விஷயத்தில் கணக்கு பிளஸ் டூ அளவுதான், தவிர்க்க ஒரு காரணமும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒளிரும் ஒரு பரப்பில் போய் முட்டணும் என்றோமே, அது ஒரு வகையில் நடக்கத்தான் செய்கிறது. நட்சத்திரங்களின் இடுக்கு வழியாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், பிரபஞ்சம் பிறந்து 3 லட்சத்து 80 ஆயிரம் வருஷம் ஆன காலத்தில் பார்வை முட்டி நிற்கும். அப்போது எங்கும் சுமார் 3000 கெல்வினில் தகிக்கும் வாயு, அதற்கு அப்பால் ஊடுருவிப் பார்க்க முடியாது. வானம் மொத்தமும் அதனால் மூடப்பட்டிருக்கிறது, ஒரு இடுக்கு இல்லை. அந்த ஒளி புறப்பட்ட பிறகு பிரபஞ்சம் 1100 மடங்கு நீண்டுவிட்டதால், இப்போது 2.7 கெல்வின் மைக்ரோவேவாக வருகிறது. 1964-ல் நியூஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் ஆன்டெனாவில் இரைச்சல் என்று நினைத்து, புறா எச்சத்தை எல்லாம் கழுவிப் பார்த்தும் போகாமல் நின்றது இதுதான். இங்கே விரிவடைதல் ஸ்விட்சை ஆஃப் செய்தால் நாம் வெந்துவிடுவோம். ஆக, அந்த இரண்டாவது பதில் நட்சத்திர ஒளிக்குத் தப்பு, இந்த ஒளிக்குச் சரி. வீடியோக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் அது பாதி உண்மை போலத் தோன்றி இவ்வளவு காலம் தப்பித்துக்கொண்டிருக்கிறது.

மிச்சமிருக்கும் இருட்டு எவ்வளவு இருட்டு என்று இப்போதும் அளந்துகொண்டிருக்கிறார்கள். புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹொரைஸன்ஸ் விண்கலம், சூரியக் குடும்பத்துத் தூசி வெளிச்சம் தொல்லை செய்யாத இடத்திலிருந்து வானத்தின் வெற்றிடங்களைப் படம் எடுத்தது. முதலில் கிடைத்த அளவு, தெரிந்த கேலக்ஸிகளிலிருந்து வர வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. என்னென்னவோ காரணங்கள் கிளம்பின. பூமி–சூரியன் தூரத்தைப் போல 50 மடங்குக்கும் அப்பாலிருந்து இன்னும் கவனமாக எடுத்து, நம் கேலக்ஸியின் தூசியில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தையும் சரியாகக் கழித்த கணக்கு 2024-ல் வந்தது. கேலக்ஸிகளின் ஒளியோடு அது ஒத்துப்போகிறது, உபரி என்று சொல்ல ஒன்றும் இல்லை.