இறகுக்குள் மறைந்த முள்

மலிவான ஈத்தூண்டில் சாமான்களைப் பற்றி எழுதப் புகுவோர் கோலில் தொடங்கி நூலில் முடிப்பதே வழக்கம். நான் அவ்விரண்டையும் விரைவாகச் சொல்லித் தாண்டிவிட விரும்புகிறேன். ஏனெனில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பள்ளத்தாக்குகளில் ஓடும் தெளிந்த ஆறுகளில் ஒரு பருவம் முழுவதும் பழகிப் பார்த்த பிறகு, இச்சாமான்களின் குணமும் தோஷமும் எல்லோரும் தேடும் இடத்தில் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது. கோல், உருளை, நூல், முன்நரம்பு, ஒரு சிறு டப்பா நிறையச் செயற்கை ஈக்கள் என்று அனைத்தையும் ஒரே உறையில் இட்டு இணையத்தில் விற்கிறார்கள். 9 அடி நீளமும் 5-ஆம் எண் நூலுக்கேற்ற வலுவும் உடைய கோல் தன் காரியத்தைக் குறைவின்றிச் செய்கிறது. உருளை நூலைச் சுற்றி வைத்துக்கொள்கிறது. சிற்றாற்று டிரவுட் மீனுக்கு அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. நூல் மட்டும் குளிர்ந்த காலைகளில் சுருள் சுருளாக நிற்கிறது. இழுத்து நீவிவிட்டால் அடங்கிவிடுகிறது.

இனி ஈக்களுக்கு வருவோம். இந்த வகை மீன்பிடிப்பில் இரைக்கு எடை கிடையாது. எடையுள்ள நூலைத்தான் கோல் வீசுகிறது. நூலின் நுனியில் மெல்லிய தங்கூசி நரம்பில் கட்டப்பட்டு, முள்ளின்மேல் இறகும் ரோமமும் சுற்றிச் செய்யப்பட்ட ஒரு பூச்சியின் சாயல், மெய்யான பூச்சிகளோடு கூடவே மிதந்து வந்து, நீருக்கடியில் நின்று மேல்நோக்கிப் பார்க்கும் மீனை நம்பச் செய்ய வேண்டும். நான் வாங்கிய டப்பாவில் இருந்த ஈக்கள் அந்த அளவில் அழகாகவே இருந்தன. வால் நேராக இருந்தது. கழுத்திறகு நான்கு புறமும் சீராக விரிந்திருந்தது. மீனும் நம்பத்தான் செய்தது.

மே மாதத்து மாலை ஒன்றில், சிறு தடுப்பணைக்குக் கீழே நீர் மெதுவாகத் திரும்பும் இடத்தில், நல்ல பருமனான ஒரு டிரவுட் அந்த ஈயை அமைதியாக உறிஞ்சியது, கோல் வளைந்தது, மீன் ஒருமுறை நீரோட்டத்தின் பக்கம் புரண்டது, உடனே நூல் தொய்ந்துவிட்டது. நரம்பு அறுந்திருக்கும் என்று கருதி இழுத்தால் ஈ முழுதாகத் திரும்பி வந்தது. இறகில் ஓர் இழைகூடக் கலையவில்லை. முள்ளின் வளைவு மட்டும் விரிந்து, ஏறக்குறைய நேர்க்கம்பியாகிக் கிடந்தது. பிறகு டப்பாவிலிருந்த மற்றவற்றைப் பரிசோதித்தேன். தூண்டில்காரர்கள் முள்முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்து இலேசாக நகர்த்திப் பார்ப்பது வழக்கம். கூரிய முனை நகத்தில் பற்றிக்கொள்ளும், மழுங்கிய முனை வழுக்கிக்கொண்டு போகும். டப்பாவிலிருந்தவற்றில் பெரும்பாலானவை வழுக்கின.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு குறை, முள்ளின் காதில் உறைந்திருக்கும் வார்னிஷ். ஈயின் தலைப்பக்கத்து முடிச்சு அவிழாமலிருக்க ஒரு துளி வார்னிஷ் இடுவது முறைதான். ஆனால் அது காதை அடைத்துவிடாதபடி உடனே ஓர் இறகுத்தண்டால் துடைத்துவிட வேண்டும் என்பது ஈ கட்டக் கற்றுக்கொள்பவனுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். மலிவான ஈக்களில் பத்துக்கு ஐந்து இப்படி அடைபட்டே வருகின்றன. ஆற்றில் மீன்கள் எழும்பிக் கொண்டிருக்கும் அருமையான அரை மணி நேரத்தில், மங்கும் வெளிச்சத்தில், முழங்கால் நீரில் நின்றபடி, ஊசிமுனையால் அந்தக் காதைக் குத்தித் திறக்கவேண்டியிருக்கிறது என்றால், விலையில் மிச்சமானது எங்கே போயிற்று என்று கேட்கத்தானே தோன்றும்!

இந்தக் குற்றத்தை அவற்றைக் கட்டிய கைகளின்மேல் சுமத்துவது அநியாயம். கடையில் விற்கும் ஈக்கள் இயந்திரத்தில் பிறப்பவை அல்ல. எவ்வளவு மலிவான ஈயும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் சுற்றிக் கட்டியதே. கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் இது ஒரு ஜீவனோபாயமாக நடந்து வருகிறது. அந்தக் கைகளின் வேகமும் ஒழுங்கும் என்போன்ற அமெச்சூர்களுக்கு எளிதில் வராது. விலையைக் குறைக்க நினைக்கும் வியாபாரி முதலில் முள்ளில்தான் குறைக்கிறான். ஏனெனில் இறகு வெளியே தெரிகிறது, இரும்பின் தரம் தெரிவதில்லை. அவன் கொடுத்த முள்ளில் அவர்கள் கட்டுகிறார்கள்.

பழைய காலத்தவர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். 1496-இல் இங்கிலாந்தில் அச்சேறியதும், ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணி இயற்றியதாகச் சொல்லப்படுவதுமான தூண்டில் நூலில், 12 வகை ஈக்களின் வர்ணனை வருவதற்கு வெகுமுன்பே, தையல் ஊசியை நெருப்பில் செந்நிறமாகக் காய்ச்சி, ஆறவிட்டு, எதிர்ப்பல் வெட்டி, கூராக்கி, வளைத்து, மறுபடி காய்ச்சி நீரில் தோய்த்து முள்ளாக்கும் விதம் விரிவாகச் சொல்லப்படுகிறது. ஊசிக்குப் பேர்போன ரெடிச் நகரமே பிற்காலத்தில் தூண்டில் முள்ளுக்கும் பேர்பெற்றதில் ஆச்சரியம் இல்லை. கொல்லன் பட்டறையில் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதில் உள்ள அதே சூட்சுமம், அரிசி மணிபோன்ற இந்த முள்ளிலும் உண்டு. பதம் குறைந்தால் விரியும், மிகுந்தால் ஒடியும்.

இந்தப் பின்னணியில்தான் நான் வாங்கிய இரண்டாவது பொருளை, அதாவது ஈ கட்டும் இடுக்கியை, மனமாரப் பாராட்ட விரும்புகிறேன். இந்தியாவில் செய்து வரும் மிக மலிவான ரகம் அது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, அதன் அலகுகளுக்கிடையே முள்ளின் வளைவை நிறுத்தி, நெம்புகோலைக் கீழே அழுத்தினால் கவ்விக்கொள்கிறது. குறைகள் இருக்கின்றன. அலகின் உலோகம் மெத்தென்றிருப்பதால் நாளடைவில் முள்ளின் தடம் அதில் பள்ளமாகப் பதிகிறது. அவ்வப்போது அரத்தால் தேய்க்கவேண்டும். 18-ஆம் எண்ணுக்கும் சிறிய முட்கள் நழுவுகின்றன. ஆனாலும் எந்த விலையுயர்ந்த கோலும் செய்யாத ஓர் உபகாரத்தை இது செய்கிறது: இறகு ஏறுவதற்கு முன்பே முள் கண்ணெதிரே நிர்வாணமாக நிற்கிறது. காதுப்பக்கத்தைக் கட்டைவிரலால் கீழே அழுத்தி விடுவேன். நல்ல முள் துள்ளித் தன் இடத்துக்குத் திரும்பும். கெட்டது அழுத்திய இடத்திலேயே தங்கிவிடும், அதை அப்போதே எறிந்துவிடலாம்.

பணம் மிச்சமாகும் என்று எண்ணி ஈ கட்டப் புகுகிறவர்களை நான் ஊக்குவிக்க மாட்டேன். கொலராடோவில் இறகுக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கும் சேவல்களின் கழுத்துத் தோல் ஒன்றின் கிரயத்துக்கு டப்பா டப்பாவாக ஈக்கள் வாங்கிவிடலாம். இங்கிலாந்துக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் இந்தியச் சேவலின் கழுத்துத் தோல் அதைவிட வெகு மலிவு; இழை சற்று மென்மையானாலும், நீருக்குள் அமிழும் ஈக்களுக்கு அம்மென்மையே சிலாக்கியம். இன்னும் சிக்கனமாகத் தொடங்க விரும்புவோருக்கு வில்ட்ஷயர் ஏவன் நதியின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் வழிகாட்டியிருக்கிறார். சேவல் ஃபெசன்ட் பறவையின் வால் இழைகள் சில, மெல்லிய செப்புக்கம்பி கொஞ்சம். இவ்விரண்டைத் தவிர அவருடைய புகழ்பெற்ற நீர்ப்புழு உருவத்தில் வேறொன்றும் இல்லை, நூல்கூட இல்லை. கம்பியே கட்டும் நூலாகவும், அமிழ்த்தும் எடையாகவும், உடலின் மினுமினுப்பாகவும் அமைகிறது. கம்பியால் முதலில் தோள்பக்கத்தைத் தடிக்கச் செய்து, வால் இழைகளைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்றி, காதுக்குப் பின்னால் மடித்துக் கட்டினால் முடிந்தது. 16-ஆம் எண்ணில் நல்ல முட்களை மட்டும் விலை பாராமல் வாங்கிக்கொண்டு இதையே திரும்பத் திரும்பக் கட்டினேன். ஜூன் மாதத்திலிருந்து என் முள் ஒன்றுகூட விரியவில்லை.

கட்டப் பொழுதில்லாதவர்கள் கடையிலேயே வாங்கட்டும். ஆனால் கடைக்காரரிடம் நிறத்தையும் எண்ணையும் கேட்பதற்கு முன் முள் யாருடைய தயாரிப்பு என்று கேட்கட்டும். சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவதாயினும், முதலில் இரண்டே இரண்டு வாங்கி, நகத்தில் ஒன்றையும் இடுக்கியில் ஒன்றையும் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் பணம் கொடுக்கலாம்.