எஞ்சாத பொருளும் எஞ்சிய கோடும்

யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் 2004 இல் நிகழ்ந்த 'அகம் புறம்' காட்சியிலே, ஓவியர் தா. சனாதனன் வண்ணத்தை விடுத்து வீட்டுப் பொருள்களையே ஊடகமாகக் கொண்டார். போரைக் கடந்த இல்லங்களிலிருந்து திரட்டப்பெற்ற அன்றாடப் பொருள்கள் அங்கு வரலாற்றுச் சான்றுகளாயின. முயற்சி போற்றற்குரியதே. ஆயினும் புத்தளக் கரையிலிருந்து நோக்குவோர்க்கு ஒரு வினா எழும்: பொருளே எஞ்சாதவர் எதனைக் கொடுப்பர்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள், யாழ்ப்பாணத்தார்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலமே. நகையும் உடைமையும் பறிக்கப்பட்டன. புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் கிடுகுக் கொட்டில்களை அவர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடே அடைந்தனர்.

இவ்வினாவுக்கு, 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் பெயரோடு 2011 இல் வெளிவந்த அவரது நூலே விடையை அணுகுகின்றது. (தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு, இழந்த நிலத்துக்கு அப்பெயர் இட்டமை கூரிய எள்ளலாகும்.) இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்தனர். அவற்றை அளவுத்திட்டமான கட்டட வரைபடமும் ஓவியரின் சித்திரமும் தொடர்கின்றன. எமக்கு முதன்மையானது அந்தத் தயங்கும் கைக்கோடே. சித்திரம் சிலவிடத்து மிகுதியாய்ப் பேசிவிடுகின்றது. வரைபடமோ வீடு மீளக் கட்டப்பட்டுவிட்டது போன்ற மயக்கந் தருவது. கைக்கோட்டில் அம்மயக்கம் இல்லை. அதிற் கிணறு அளவுக்கு மிஞ்சிப் பெரிதானாலும், வரைந்தவர் நாள்தோறும் நீர் மொண்ட கிணறு அதுவே.