இது என்ன கலர்?

தனக்கு நிறக்குருடு என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும், எதிரில் இருப்பவர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டி, "அப்ப இது என்ன கலர்?" என்று கேட்பார். எனக்குச் சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. இந்தத் தேர்வைப் பலமுறை எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், "அதான் தெரியுதே!" தப்பாகச் சொன்னால், அடுத்து கைப்பை, அதற்கடுத்து நாற்காலி. இரண்டிலுமே அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இந்தக் குறைபாடு உலகத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுவதில்லை. விழித்திரையின் கூம்பு செல்களில் ஒரு வகை இல்லாமலோ மாறுபட்டோ இருப்பதால், மற்றவர்களுக்குத் தள்ளி நிற்கும் நிறங்கள் எங்களுக்கு நெருங்கி வந்துவிடுகின்றன, அவ்வளவுதான். பழவேற்காடு வருகிறவர்கள் பரவசப்படும் பூநாரையின் இளஞ்சிவப்பு எனக்குச் சாம்பல் கலந்த வெள்ளை. ஆனால் கழுத்தையும் காலையும் வைத்தே அது பூநாரை என்று சொல்லிவிடுவேன். மீன் விற்பவர்கள் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவார்கள். நான் மீனின் கண்ணைப் பார்த்து, சதையை அழுத்தி, மோந்து பார்த்து வாங்குவேன். நிறம் ஒரு தடயம். அது மட்டுமே தடயம் இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பேசும் எழுத்து என்று தேடினால், இலக்கியத்தைவிட இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்தான் எனக்கு உதவின. இரண்டையும் இலக்கியப் பிரதிபோலவே வாசிக்கலாம்.

முதலாவது, 2022 ஏப்ரலில் வந்தது. புனே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் படிப்புக்குத் தேர்வான ஒருவரை, நிறக்குருடு என்று மருத்துவப் பரிசோதனைக்குப் பின் நிராகரித்திருந்தார்கள். பாடத்தில் கலர் கிரேடிங் இருக்கிறதே என்பது கல்லூரியின் வாதம். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, அந்தப் பகுதியை நீக்கலாம், அல்லது விருப்பப் பாடமாக்கலாம் என்றது. சினிமா கூட்டுக்கலை, அதை ஒரே அச்சில் வார்க்கக் கூடாது என்ற தொனியில் தீர்ப்பு நகர்கிறது. படிக்க இனிக்கிறது. ஆனால் எனக்கு இங்கேதான் ஒரு நெருடல். கலைஞனுக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை லைன்மேனுக்கும் கொடுப்போமா? கலைச் சுதந்திரத்தைப் பேசும் பக்கங்களைவிட, எந்த வேலைக்கு எந்த நிறம் உண்மையிலேயே வேண்டும் என்று பிரித்துப் பார்த்த குழுவின் வறண்ட பரிந்துரைதான் இதில் வலுவானது.

இரண்டாவது நம்ம ஊர் வழக்கு. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி, அதே காரணம், அதே நிராகரிப்பு. 2023 அக்டோபரில் அவருக்குப் பணி தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். இங்கே கலை என்ற கேடயம் கிடையாது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஃபேஸ், பச்சை எர்த். மாற்றித் தொட்டால் உயிர் போகும். வாரியத்தின் பயம் ஆதாரமற்றது என்று தீர்ப்பும் சொல்லவில்லை. அந்தப் பயத்தை ஒப்புக்கொண்டே, பொறியாளர் செய்யும் பலவகை வேலைகளில் அவருக்குப் பொருந்துவதைக் கண்டுபிடிப்பது வாரியத்தின் கடமை என்கிறது. நல்ல எலெக்ட்ரீஷியன் யாரும் ஒயரின் நிறத்தை மட்டும் நம்பிக் கை வைப்பதில்லை, டெஸ்டர் வைத்துத்தான் பார்ப்பார். முன்னாடி வந்தவன் மாற்றிக் கொடுத்திருக்கலாமே!

எல்லாக் கதவும் திறந்தாக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் நின்று பகலில் சிக்னலைப் பார்த்தால், கீழே எரிவது சிவப்பு என்று இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். ராத்திரியில், தூரத்தில், ஓடும் இன்ஜினிலிருந்து பார்த்தால் இருட்டில் ஒரு புள்ளிதான். அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாது. லோகோ பைலட்டுக்கு நிறப்பார்வை கேட்பது நியாயம். அதே அட்டைப் புத்தகத்தை, 1917இல் இஷிஹாரா வெளியிட்ட அந்தப் புள்ளிப் படங்களை, எல்லா வேலைக்கும் நீட்டுவதுதான் சோம்பேறித்தனம். புள்ளிகளுக்குள் இருக்கும் எண் தெரிகிறதா என்று அது சொல்லும். வேலை தெரியுமா என்று சொல்லாது.

மின்வாரியத் தீர்ப்பு தொட்டுக் காட்டும் ஒரு முரண்தான் என்னைத் தூங்கவிடாதது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் நிறக்குருடு இல்லை. வேலை மறுக்கும்போது அது குறைபாடு. உரிமை கேட்கும்போது அது குறைபாடே இல்லை. தீர்ப்பு ஒருவருக்கு வேலை வாங்கித் தந்தது. பட்டியல் அப்படியே இருந்தால், அடுத்து வருகிறவரும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் நடந்துதான் வேலைக்குச் சேர வேண்டியிருக்கும்.