74 கணவாயும் 74 கன அடியும்

'பொன்னியின் செல்வ'னை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. முதல் அத்தியாயத்தைப் படிக்காதவர்கள் குறைவு. ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் வந்தியத்தேவன். ஏரி தளும்புகிறது. எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. ஊர் ஜனங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார்கள். தமிழ் வெகுஜன இலக்கியத்தின் மிகப் பிரபலமான நீர்நிலை இதுதான்.

நான் அதை ப்ளஸ் டூ விடுமுறையில் சிதம்பரத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்பாவுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு ஏக்கர். பாசனம் அதே ஏரி. பெயர் மட்டும் வீராணம் என்று தேய்ந்துவிட்டது. படித்த பரவசத்தில் அப்பாவிடம் போய் நம்ம ஏரிதாம்ப்பா நாவலோட முதல் பக்கம் என்றேன். "அப்படியா? அதுல எப்ப நிரம்பியிருக்கு?" என்று கேட்டார். ஆடிப்பெருக்குக்கு என்றேன். "கதைல நிரம்பும்டா தம்பி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கு நான் தாமதமாக எழுதும் பதவுரை.

*

கல்கியின் ஏரிக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. இராஷ்டிரகூடப் படையெடுப்பை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு காத்திருக்கிறான் இளவரசன் இராஜாதித்தன். படைவீரர்களுக்கு வேலையில்லை. வடகாவேரியில், அதாவது கொள்ளிடத்தில், வெள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சும்மா இருக்கும் கைகளையும் சும்மா போகும் தண்ணீரையும் சேர்த்து ஏரி வெட்டுகிறான். தந்தை பராந்தகனின் விருதுப் பெயரை அதற்கு வைக்கிறான்.

நல்ல கதை. 1950இல், புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாட்டில், அணைகள் கட்டத் துடித்த காலத்தில் எழுதப்பட்ட கதையும்கூட. இதற்குள் இரண்டு நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, கடலுக்குப் போகும் தண்ணீர் வீண். இரண்டு, ஒரு மகத்தான மனிதர் ஒருமுறை சரியாகக் கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது. நாவலில் இவை கதாபாத்திரத்தின் நினைவாக வருகின்றன. படம் வந்த பிறகு ரீல்ஸ்களில் வரலாற்றுத் தீர்ப்பாகவே ஆகிவிட்டன. சோழன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பிளான் பண்ணிட்டான், நம்மாளுங்களால முடியலை! இந்த வாசிப்போடுதான் எனக்குச் சண்டை. கல்கியோடு இல்லை.

முதலில், நிரம்பிய ஏரி என்ற படிமம். ஆடியில் ஏரி நிரம்பியிருந்தால் விவசாயிக்கு நிம்மதி. அதே ஏரி ஐப்பசி, கார்த்திகையில் முழுக் கொள்ளளவான 47.5 அடியில் நின்றால் கரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத் தூக்கம் போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் வழியாக வரும் காட்டாற்று நீருக்கு ஏரியில் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிட வேண்டும். அது போய் வயலில்தான் ஏறும். ஆக, வெள்ளத்துக்குப் பயந்து ஏரியைக் குறைத்து வைத்தால் மழை ஏமாற்றிவிடலாம். மழைக்குப் பயந்து நிரப்பி வைத்தால் வெள்ளம் வந்துவிடலாம். வரப்போகும் நவம்பர் எப்படிப்பட்டது என்று அக்டோபரில் யாருக்கும் தெரியாது. வீராணத்தின் நிஜக் கதை இந்தத் தெரியாமையில்தான் நடக்கிறது. அதற்கு நாவலில் இடமில்லை. நாவலின் முதல் அத்தியாயம் ஆடிப் பதினெட்டோடு நின்றுவிடுகிறது.

*

இன்னொரு பிரதியை எடுத்துக்கொள்வோம். இலக்கியம் இல்லை, ஆனால் என் ஊரின் தலையெழுத்தை அது அதிகம் தீர்மானிக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று கொடுத்த இறுதித் தீர்ப்பு.

அதன் மைய எண் 740 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போகும் நீருக்கு 4. (கல்கியின் இளவரசனுக்கு வீணாகப் பட்டது இங்கே முறையான ஒதுக்கீடு பெற்றிருக்கிறது. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.) இந்த 740 எந்த இடத்தில் கணக்கிடப்பட்டது தெரியுமா? கொள்ளிடத்தின் கீழணையில். 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. அங்கிருந்து பிரியும் வடவாறுதான் வீராணத்தை நிரப்புகிறது. ஒரு முழு நதியின் கணக்கு எங்கள் ஏரியின் வாசலில் வைத்து முடிக்கப்பட்டிருக்கிறது.

தீர்ப்பில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஐம்பது சதவீத நம்பகத்தன்மை. அதாவது இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் இந்த அளவோ அதற்கு மேலோ தண்ணீர் இருக்கும். இன்னொரு வருஷம் இருக்காது. நான் சர்வர்களோடு பிழைக்கிறவன். பாதி நாட்களில் தாங்கும் என்று ஒரு சிஸ்டத்தை டிசைன் செய்து ரிவியூவுக்கு எடுத்துப் போனால், மீதி நாட்களில் என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி. பதில் இல்லையென்றால் மீட்டிங் அங்கேயே முடிந்துவிடும்.

மீதி நாட்களுக்குத் தீர்ப்பு சொல்லும் பதில், பற்றாக்குறை ஆண்டில் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்பது. நியாயமான வாக்கியம்தான். ஆனால் பற்றாக்குறையை எந்த மாதம், எந்த அளவுகோலால் முடிவு செய்வது? அங்கேதான் ஒவ்வொரு வறண்ட வருஷமும் இரண்டு மாநிலங்களும் முட்டிக்கொள்கின்றன. சாதாரண ஆண்டுக்கு மாதவாரியாக அட்டவணை இருக்கிறது. அசாதாரண ஆண்டுக்கு ஒரு வாக்கியம் இருக்கிறது. சண்டை எல்லாமே அந்த வாக்கியத்தில்.

2018ஐ மட்டும் பாருங்கள். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்குத் தர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. 14.75 டி.எம்.சி. போச்சே என்று இங்கே கொதித்தார்கள். ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடியை ஒட்டிப் போனது. இரண்டு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 17.28 டி.எம்.சி. பிப்ரவரியில் இழந்ததைவிட அதிகம், ஒரே நாளில். அந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பு மேலணையின் கொள்ளிட மதகுகள் ஆகஸ்ட் 22 அன்று இடிந்தன. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி மாதிரி எங்கள் கொள்ளிடக்கரைக் கிராமங்களுக்குக் காவிரிப் பிரச்சினை என்றால் அந்த வருஷம் தண்ணீர் வராதது அல்ல, வந்தது.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ நதியை ஏழு மாநிலங்கள் 1922இல் பங்கிட்டுக்கொண்டன. கையிலிருந்த அளவீடுகள் வழக்கத்தைவிட ஈரமான வருஷங்களைச் சேர்ந்தவை. நதி சராசரியாகத் தருவதைவிட அதிகமாகக் காகிதத்தில் பிரித்துவிட்டார்கள். 2021இல் மீட் ஏரிக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிப்பு வந்தது. கடந்த காலத்தின் ஒரு துண்டை எதிர்காலத்தின் வாக்குறுதியாக எழுதிவிடுவதுதான் இரண்டு இடத்திலும் நடந்த பிழை. இனி மழையின் குணமே மாறும் என்கிறபோது அந்தப் பிழைக்கு வட்டி ஏறும்.

*

இப்போது என் சொந்தக் குற்றவுணர்வுக்கு வருகிறேன். சென்னையில் என் அபார்ட்மென்ட் குழாயில் வருவதில் ஒரு பங்கு வீராணம். அறுபதுகளின் கடைசியில் யோசித்து, பாதியில் நின்று, ராட்சதக் குழாய்கள் ரோட்டோரம் கிடந்து ஒரு தலைமுறைக்கே ஜோக்காகிப் போன திட்டம், 2004இல் புதிய வீராணம் திட்டமாக நிறைவேறியது. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர். பாசனக் கணக்கில் விநாடிக்கு 74 கன அடி. ஆமாம், கணவாய்களின் அதே எண். தற்செயல்தான், ஆனால் எழுபத்தைந்தாவது கணவாய் ஒன்று சென்னைக்குத் திறந்திருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

கணக்குப் போடுங்கள். வருஷம் முழுக்க 180 மில்லியன் லிட்டர் என்றால் சுமார் 2.3 டி.எம்.சி. ஏரியின் கொள்ளளவு 1.465. சென்னைக்கு மட்டுமே ஏரியை ஒன்றரை தடவைக்கு மேல் நிரப்பியாக வேண்டும். அதற்கு அப்புறம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு. குழாய் தயாரான 2004இல் ஏரியே வறண்டு கிடந்தது. நெய்வேலிப் பக்கத்து நிலத்தடி நீரை ஏற்றித்தான் குழாயை ஓடவைத்தார்கள்.

இதை எழுதும்போது எனக்கே ஒரு எதிர்வாதம் தோன்றுகிறது, அது வலுவானதும்கூட. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் எல்லாம் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷத்தில், சென்னையைத் தாங்கியவற்றில் வீராணமும் ஒன்று. சென்னை ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்புகின்றன. வீராணத்துக்கு வரும் காவிரி, குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் பிள்ளை. ஒன்று விழும்போது மற்றது நிற்கலாம். ஒரே நேரத்தில் செயலிழக்காத இரண்டு சர்வர் வைத்துக்கொள்வது நல்ல டிசைன். அதனால் குழாயைப் பிடுங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

என் விமர்சனம் அந்த 180 என்ற அசையாத எண்ணின் மேல். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. கடலுக்கு வறட்சி கிடையாது. அப்படியென்றால் ஏரி நிறைந்த வருஷத்தில் நகரம் வீராணத்திலிருந்து நிறைய எடுக்கட்டும். குறைந்த வருஷத்தில் செலவானாலும் கடலிலிருந்து எடுக்கட்டும். எந்தத் தேதியில் நீர்மட்டம் எத்தனை அடி இருந்தால் நகரத்துக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என்பதை விதைப்புக்கு முன்னாலேயே ஊரறிய எழுதி வைக்கட்டும். எதிர்காலத்தைச் சரியாகக் கணிக்கத் தேவையில்லை. இப்படி ஆனால் இதைச் செய்வோம் என்று முன்கூட்டி ஒப்புக்கொண்டால் போதும். இப்போது அப்பாவுக்கு ஏரியைப் பற்றிய முடிவு தெரிவது பேப்பரில், மறுநாள் காலை. நாற்று விட்ட பிறகு.

*

சோழர்களிடம் கற்க ஒன்றுமில்லையா? இருக்கிறது. ஆனால் நாம் பார்க்கும் இடத்தில் இல்லை. வீராணத்துக்குத் தன் விருதுப் பெயரைத் தந்த அதே பராந்தகனின் காலத்தில், 919இலும் 921இலும், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் கொண்டாடுவது அவற்றைத்தான். அதில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. பதவிக்காலம் 360 நாள். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருஷம் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கவே முடியாது.

இதையும் ரொமான்டிசைஸ் செய்ய வேண்டாம். நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் வேண்டும். அது பிராமணச் சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களின் ஓலை அந்தக் குடத்தில் விழவில்லை. என் தாத்தாவின் தாத்தாவின் ஓலையும் விழுந்திருக்காது.

ஆனால் அந்த 360 நாள் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏரியைக் கட்டி முடித்த விஷயமாக அவர்கள் நினைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆள் போட்டு, கணக்குக் கேட்டு, பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாக நினைத்தார்கள். இளவரசன் வெட்டிய ஏரியை நாவல் நமக்குத் தந்தது. வருஷாவருஷம் பொறுப்பு மாறும் ஏரியைக் கல்வெட்டு காட்டுகிறது. முன்னதை வாசிக்க ஆசையாக இருக்கும், பின்னது அலுப்பூட்டும் மீட்டிங் மினிட்ஸ் மாதிரி. நமக்கு வேண்டியது அந்த மினிட்ஸ்தான். இந்தமுறை அந்தக் குடத்தில் கடைமடை விவசாயியின் ஓலையும், சென்னையில் குழாயைத் திறக்கும் என் ஓலையும் இருக்க வேண்டும்.

போன ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தேன். கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, எத்தனை அடி நிற்குது தெரியுமா என்று அப்பா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார், அடி கணக்கில், முந்தைய வாரத்து அளவோடு சேர்த்து.