மேனியில் எழுதிய பெயர்கள்

திரையரங்கினுள் தாமதமாக நுழைபவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் முதலில் வினவுவது, "எழுத்துப் போட்டாச்சா?" என்பதைத்தான். எழுத்து ஓடி முடியும் வரை படம் தொடங்கவில்லை என்பது நம் மக்களின் கணக்கு. அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் குழந்தையை மடியில் சரிப்படுத்திக் கொள்ளலாம். முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். இந்த அலட்சியத்தைப் படம் எடுப்பவர்களும் அறியாதவர் அல்லர். பார்வையாளரின் கண்ணைப் பெயர்ப் பட்டியலின் மீது நிறுத்துவது எப்படி என்று சிந்தித்தவர்களுள் ஒருவர் ராபர்ட் பிரவுன்ஜான் என்னும் அமெரிக்க வரைகலைஞர். 1963இல் வெளிவந்த 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' என்னும் ஜேம்ஸ் பாண்டு படத்துக்கு அவர் அமைத்த எழுத்துக் காட்சியையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம். அதிரடிப் படத்தின் எழுத்தில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர் வியக்கக்கூடும். அப்படத்தின் பெரும்பகுதி இஸ்தம்பூல் நகரில் நிகழ்வது. கீழை நாடுகளை மேலைத் திரை எவ்வாறு கண்டது என்பதற்கு அச்சில நிமிடங்களைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதலில் காட்சியைக் காண்போம். படம் தொடங்கியதும் ஓர் இரவுத் தோட்டம். பாண்டு பதுங்கிப் பதுங்கி நடக்கிறான். பின்தொடரும் கொலைஞன் அவன் கழுத்தில் கம்பியை இறுக்குகிறான். விளக்குகள் எரிகின்றன, மாண்டவன் முகத்திலிருந்து முகமூடி உரிக்கப்படுகிறது, வேறொருவன்! கதைநாயகனை நாம் காணும் முன்பே அவன் பெயரையும் முகத்தையும் இன்னொருவன் அணிந்து இறந்துவிட்டான். உடனே ஜான் பாரியின் இசை முழங்க, எழுத்து தொடங்குகிறது.

இருண்ட திரையில் ஆடும் ஒரு பெண்ணின் மேனி. இடுப்பு, வயிறு, தோள், கை எனப் பெரிதும் பகுதி பகுதியாகவே அவள் நமக்குக் காட்டப்படுகிறாள். அவள் மீது வண்ண ஒளியால் பெயர்கள் விழுகின்றன. ஷான் கானரியின் பெயர், நாவலாசிரியர் இயான் ஃபிளெமிங்கின் பெயர், தயாரிப்பாளர்கள் பிராக்கோலி, சால்ட்ஸ்மன் ஆகியோர் பெயர்கள், இயக்குநர் டெரன்ஸ் யங்கின் பெயர். மேனி அசைய எழுத்தும் நெளிகிறது, வளைவில் வீங்குகிறது, பள்ளத்தில் அமிழ்ந்து மறைந்து மீண்டும் மேலெழுகிறது. படத்தின் பெயரைத் தாங்கிய பாடல் இவ்விடத்தில் சொற்களோடு ஒலிப்பதில்லை. மாட் மன்றோவின் குரல் பின்னரே வருகிறது.

இவ்வுத்தி திடீரென முளைத்ததன்று. பிரவுன்ஜான் 1940களில் சிகாகோவில் ஹங்கேரியக் கலைஞர் மொஹோலி நாகியிடம் பயின்றவர். அசையும் பரப்பின் மீது ஒளியைப் பாய்ச்சி அதனையே ஓவியமாக்கலாம் என்பது அந்த ஆசிரியரின் நெடுநாள் ஆராய்ச்சி. மாணவர் அதனை வணிகச் சினிமாவுக்குக் கொண்டு வந்தார். தயாரிப்பாளர்களுக்கு இதனை விளக்கும்போது, பிரவுன்ஜான் தம் சட்டையைக் கழற்றிவிட்டு ஒளிப்பெட்டியின் முன் நின்று தாமே ஆடிக் காட்டினார் என்றும், இதே போலத்தான், ஆனால் அழகியொருத்தியைக் கொண்டு செய்வோம் என்றார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. எழுத்து நெளிவதற்கு ஆண் வயிறும் போதுமானதாகவே இருந்திருக்கிறது! கலை கேட்டது ஓர் அசையும் பரப்பை. பெண்ணைக் கேட்டது சந்தை.

தொழில்நுட்பத்தில் இதன் சிரமத்தையும் சொல்லியாக வேண்டும். ஒளிப்பெட்டியின் வில்லை ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் எழுத்தைக் கூர்மையாக்கும். ஆடுபவள் சற்று முன்னே வந்தாலும் பின்னே சென்றாலும் எழுத்து மங்கிவிடும். ஆடவும் வேண்டும், அந்த எல்லையை விட்டு அகலவும் கூடாது. விலையுயர்ந்த அரங்கமோ, வெடிகுண்டோ, ஆயிரம் துணை நடிகரோ இன்றி, ஓர் ஒளிப்பெட்டியும் ஓர் இருட்டறையும் கொண்டு இத்தகைய காட்சியைப் படைத்தது திறமையே. அத்திறமையை மறுப்பது விமர்சனமாகாது. கண்ணை மூடிக்கொள்வதும் விமர்சனமாகாது. 'கவர்ச்சி' என்ற ஒரு சொல்லால் இதனை ஒதுக்கிவிடுவோர் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காணத் தவறுகின்றனர்.

எவ்வாறு? வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து ஓடினால் நாம் நொடியில் படித்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக் கொள்வோம். இங்கோ எழுத்து நெளிவதால் படிப்பதற்கு நேரமாகிறது. படிக்க வேண்டுமானால் மேனியை உற்று நோக்க வேண்டும். பெயரைத் தேடுகிறேன் என்ற நியாயமான காரணம் பார்வையாளனுக்கு வழங்கப்படுகிறது. அக்காரணத்தின் மறைவில் கண் உலவுகிறது. இதுவே இக்காட்சியின் சூட்சுமம்.

மேனி முழுவதும் பெயர்கள். அம்மேனிக்கு உரியவளின் பெயர் மட்டும் அதில் இல்லை. எழுத்தை வடிவமைத்தவர் பிரவுன்ஜான் என்பதும், துணை நின்றவர் டிரெவர் பாண்டு என்பதும் அவள் மீதே எழுதிக் காட்டப்படுகின்றன. ஆடியவளின் பெயர் ஜூலி மெண்டஸ். அதனைப் பிற்காலத்து நூல்களிலும் குறிப்புகளிலும் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது. பட்டியலில் பெண் பெயரே இல்லை என்று கூறுவதற்கில்லை. திரைக்கதை அமைப்பில் பங்கு கொண்ட ஜொஹன்னா ஹார்வுட் என்னும் பெண்மணியின் பெயர் உண்டு. நாயகி டேனியலா பியாங்கியின் பெயரும் உண்டு. ஆனால் அந்த இத்தாலிய நடிகைக்குப் படத்தில் சொந்தக் குரல் இல்லை. பார்பரா ஜெஃபர்டு என்னும் ஆங்கில நடிகை இரவல் குரல் தந்தார்; அவர் பெயரையும் பட்டியலில் காணோம். ஒருத்திக்கு உடல் உண்டு, பெயரில்லை. ஒருத்திக்குப் பெயருண்டு, குரலில்லை. ஒருத்திக்குக் குரலுண்டு, பெயரும் முகமும் இல்லை. முகமூடி உரிப்பதில் தொடங்கிய படத்துக்கு இது பொருத்தமே போலும்.

இனி, இஸ்தம்பூலுக்கு வருவோம். துருக்கி என்றதும் மேலைநாட்டார் கற்பனையில் எழுந்தது ஆடும் மேனி. அந்நகரத்து வீதி ஒன்றையும் காணும் முன்னரே பார்வையாளன் அவளைக் கண்டுவிடுகிறான். பின்னர் ஜிப்சிகளின் பாசறையில் அதே ஆட்டம் மீண்டும் வருகிறது. கதையில் முக்கியமான துருக்கியரான கெரீம் பேயாக நடித்தவர் மெக்சிகோ நாட்டுப் பெட்ரோ அர்மெண்டாரிஸ். நோயுற்ற நிலையில் அவர் அவ்வேடத்தை நிறைவாகச் செய்து, படம் வெளிவரும் முன்பே மறைந்தார். அவரைக் குறை கூறவில்லை. எட்வர்ட் சயீத் 1978இல் 'ஓரியண்டலிசம்' என்னும் நூலில் கீழ்த்திசை என்பது மேலையர் புனைந்த சித்திரம் என்று விரிவாக வாதிட்டார். அவ்வாதத்துக்கு இப்படத்தின் எழுத்து ஒரு படவிளக்கம் போலவே அமைந்திருக்கிறது. மேனி கீழை நாட்டினது. எழுத்து மேலை நாட்டினது.

இதில் நம்மை வருத்தும் முரண் ஒன்றுண்டு. இஸ்தம்பூல் எழுத்துக்குப் பெயர் பெற்ற நகரம். பாண்டு உளவுக்காக நுழையும் அயா சோபியா, படமெடுக்கப்பட்ட நாளில் அருங்காட்சியகமாக இருந்தது. 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அதன் உட்புறத்தில் ஏறத்தாழ ஏழரை மீட்டர் விட்டமுடைய எட்டு வட்டப் பலகைகள் தொங்குகின்றன. அல்லாஹ்வின் திருநாமம், பெருமானார் (ஸல்) அவர்களின் பெயர், நான்கு கலீஃபாக்கள், ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோரின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. 1847 முதல் 1849 வரை நடந்த திருப்பணியின்போது அவற்றை எழுதியவர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபெந்தி. அவ்வெழுத்துகளும் வளைந்து, பின்னி, ஒன்றன் மீது ஒன்று ஏறி நிற்பவையே. நொடியில் படித்துவிட முடியாதவையே. அங்கும் கண் தாமதிக்கிறது. ஆயினும் அத்தாமதம் பெயரை நோக்கியே செல்கிறது. பிரவுன்ஜானின் தாமதமோ பெயரை விட்டு அகல்கிறது. கோணல் எழுத்து என்னும் ஒரே கருவி. இரு வேறு பயன். கதையோ அப்பலகைகளைப் பொருட்படுத்தாமல், தூணடியில் ஒளித்து வைத்த வரைபடத்தைத் தேடிச் சென்றுவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 1964இல், 'கோல்ட்ஃபிங்கர்' படத்துக்கும் பிரவுன்ஜானே எழுத்து அமைத்தார். அதில் பொன் பூசிய மேனி மீது எழுத்துக்குப் பதிலாகப் படக்காட்சிகளே பாய்ச்சப்பட்டன. மேனி அளித்தவர் அப்படத்தில் சிறு வேடமேற்ற மார்கரெட் நோலன். இம்முறை ஆட்டம் இல்லை. சிலை போல அவள் அசையாதிருக்க, ஆண்களின் ஓட்டமும் துரத்தலும் அவள் மீது நிகழ்கின்றன. வரைகலை நோக்கில் இது முந்தையதை விஞ்சியது என்போர் உண்டு. நாம் முந்தையதையே மேலென்போம். அதில் ஆடுபவள் சற்றே திரும்பினால், பெரிய பெரிய பெயர்களெல்லாம் கலைந்து படிக்க இயலாமற் போகின்றன. அந்தச் சிறு அதிகாரமாவது ஜூலி மெண்டஸுக்கு இருந்தது. பொன் பூசியவளுக்கு அதுவும் இல்லை.