தன்னை ஆளும் பயிற்சி: ‘என் சரித்திரம்’ நூலை முன்வைத்து

தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்த தமிழ்ப் புலவர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் ஆசிரியர் மறைந்தார். அவர் சொல்லிவந்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நின்றுவிட்டது. பின்னர் 1950இல் அது நூலாயிற்று. பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த கதை என்றே இந்நூலைப் பலரும் போற்றுவர். அது பொருத்தமே. ஆயினும் இதனை வேறொரு நோக்கிலும் படிக்கலாம். ஒருவர் தாம் கொண்ட குறிக்கோளை எய்தும் பொருட்டுத் தம்மை எவ்வாறு பழக்கிக்கொண்டார் என்பதற்கு இது சிறந்ததொரு சான்றாவணம். அந்நோக்கில் இந்நூலை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். கடை வைத்தும், மண்டிகளில் உழைத்தும், சலவைத் தொழில் செய்தும், அரசுப் பணிக்கு மாற்றலாகி வந்தும் நாம் இங்கே வேரூன்றியவர்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் பல இல்லங்களில் அடுக்களைப் பேச்சோடு நின்றுவிடுகிறது. ‘இவ்வாண்டு பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பித்துவிடுவோம்’ என்று சித்திரை முதல் நாளில் உறுதி கொள்ளாத பெற்றோர் அரியர். வைகாசி பிறக்கும்போது அவ்வுறுதி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. தேர்வுக்கான கால அட்டவணையும் அவ்வாறே. சுவரில் ஒட்டிய பசை உலரும் முன்னரே அது பழங்கதையாகிவிடுகிறது. குறை பிள்ளையிடத்து என்று கூறி அமைவது எளிது. உண்மையில் குறை எங்கே உள்ளது? இவ்வினாவோடு ‘என் சரித்திரத்தை’ அணுகுவோம்.

ஒப்புநோக்குவதற்கு மேல்நாட்டுத் தன்வரலாறு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் தம் வரலாற்றில் பதின்மூன்று நற்பண்புகளை வரிசைப்படுத்துகிறார். சிறு குறிப்பேடு ஒன்றில் பண்பிற்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு கட்டம் எனக் கோடிட்டு, தவறிய போதெல்லாம் கரும்புள்ளி வைத்தார். வாரத்திற்கு ஒரு பண்பாகப் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. வில்லிங்டன் தீவின் அலுவலகங்களில் நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடும் நம்மவர்க்கு இம்முறை நன்கு விளங்கும். இன்று கடைகளில் குவிந்துள்ள வாழ்க்கை முன்னேற்ற நூல்களுள் பெரும்பாலன இவ்வழியினவே. அவற்றில் மனிதன் தனியன். அவனே மேலாளன், அவனே பணியாள், அவனே தணிக்கையாளன். ஆனால் பிராங்கிளினே தாம் எண்ணிய நிறைவை எய்தவில்லை என்று ஒளியாமல் உரைக்கிறார். பொருள்களை ஒழுங்காக வைத்தல் என்னும் ஒரு பண்பே அவரைப் பெரிதும் அலைக்கழித்ததாம்.

சாமிநாதையரின் நூலில் இத்தகைய கட்டங்களைக் காண முடியாது. நாம் காண்பன மனிதர்களையே. முதலாவதாக நிற்பவர் தந்தையார் வேங்கடசுப்பையர். இசைப் புலமையும் கதை சொல்லும் திறமும் உடைய அவருக்கு மகன் இசையில் தேர வேண்டும் என்ற விருப்பம் இருந்தது. மகனோ தமிழையே பற்றி நின்றார். தந்தையார் சினந்து ஒதுங்கிவிடவில்லை. தமிழ் கற்பிப்போர் எங்கு உளரோ அங்கெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்தார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அவ்வூர்ப் பெயர்கள் நூலில் தொடர்கின்றன. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இப்பகுதி நெஞ்சைத் தொடும். ஆனால் ஒரு வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும். அக்குடும்பம் பிழைப்போடு மகனின் கல்வியையும் சுமந்துகொண்டு பெயர்ந்தது.

இரண்டாவதாகக் கருதத்தக்கது விட்டுக்கொடுத்தல். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தபோது ஐயருக்குப் பதினாறு வயது நிறைந்திருந்தது. அதே ஊரில் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்திருந்தார். அவரிடம் இசை பயிலும் வாய்ப்பும் ஐயருக்குக் கிட்டியது. தம் ஆசிரியருக்கு இசைப் பயிற்சியில் உவப்பில்லை என்று அறிந்ததும் அதனை நிறுத்திக்கொண்டார். தற்கட்டுப்பாடு என்றவுடன் தீயதை விலக்குதலையே நாம் நினைக்கிறோம். தீயதை விலக்குவது ஒப்பீட்டில் எளிது. நல்லவை இரண்டு எதிர்நிற்கும்போது ஒன்றைக் கைவிடுவதே கடினமானது. மாலை ஒன்றில் நான்கு பயிற்சி வகுப்புகளுக்குப் பிள்ளையை விரட்டும் பெற்றோர் இவ்விடத்தை இருமுறை படித்தல் நன்று.

நூலின் உச்சியாக நாம் கருதுவது 1880 அக்டோபரில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். பெரும்புலவரிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை மடத்தில் மதிப்புப் பெற்றவர், மாத ஊதியம் உடையவர். வேறொருவராயின் குறிக்கோள் நிறைவேறிற்று என்று அமைந்திருப்பார். கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று நீண்டதொரு பட்டியல் கூறினார். முதலியார் அதில் மயங்கவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இருபத்தைந்து வயதுடைய அவ்வாசிரியர் இல்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அவ்வினா ஐயருக்கு ஏமாற்றம் தந்தது. ஆயினும் அவர் அதனை அவமதிப்பாகக் கொண்டு விலகவில்லை. கற்றோம் என்னும் இறுமாப்பைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் மாணாக்கரானார். முதலியாரும் குறை கூறியதோடு நில்லாமல், தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைத் தந்து, தாமும் உடனிருந்து பாடம் கேட்டார். முதலியார் வந்து அமர்வார் என்பதனால் ஐயர் படித்தே தீர வேண்டியிருந்தது. பிராங்கிளினின் கரும்புள்ளி செய்யாததை இங்கே ஓர் உயிருள்ள தோழமை செய்தது.

சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்தில் பயின்ற ஐயருக்கு அதன் சமயக் கருத்துகள் பல விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பங்களை நாடிச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தில் விழாப் போலத் தோரணம் கட்டியிருந்ததைக் கண்டு காரணம் கேட்டபோது, சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து வந்து அன்று நிறைவு செய்ததாகக் கூறினர். புலவருலகம் மறந்த காவியத்தை இல்லறத்தார் சிலர் விடாது படித்துப் போற்றிவந்தனர்! நூல் முழுவதிலும் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. அவ்வீட்டாரிடம் ஐயர் ஐயம் கேட்டுத் தெளிந்தார். தனியொருவரின் விடாமுயற்சியால் 1887இல் சிந்தாமணி அச்சேறியது என்று நாம் பேசுகிறோம். ஒரு வீட்டின் வழக்கம் அதற்கு முன்னரே அம்முயற்சிக்கு வழி செய்து வைத்திருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். மட்டாஞ்சேரியில் குசராத்திச் சமணர் கோயிலைக் கடந்து செல்லும் போதெல்லாம் இக்கும்பகோணக் காட்சி நம் நினைவிற்கு வருதல் தகும்.

இங்கே குறிக்கோளின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாயூரம் சென்ற இளைஞர் பண்டைத் தமிழை அச்சேற்றும் நோக்கோடு செல்லவில்லை; பெரும்புலவரிடம் பாடம் கேட்டுத் தாமும் புலவராக வேண்டும் என்றே சென்றார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவரும் என்று அன்று யார் அறிவார்? முதலில் குறி வைத்து, பின்பு ஒழுங்கைத் தேடியவரல்லர் அவர். ஒழுங்கு வளர வளர, குறியும் வளர்ந்தது. ‘எதிர்காலத்தில் என்னவாகப் போகிறாய்?’ என்று பத்து வயதுப் பிள்ளையை மிரட்டுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அரசியல் என்னும் இயலின் இறுதியில் அமைந்துள்ளன. தன்னை ஆளாதவன் நாட்டை ஆள இயலாது என்பதே அவ்வைப்பு முறையின் குறிப்பு என நாம் கொள்ளலாம். எழுச்சி, சோம்பலின்மை, இடைவிடா உழைப்பு, துன்பத்தில் தளராமை என்னும் இவ்வரிசை ஐயரின் வாழ்க்கைக்கும் பொருந்துகிறது. ஏடுகளில் பாட்டும் உரையும் பிரிவின்றிக் கலந்து கிடந்தன. ஒரே சொல் ஏட்டுக்கு ஏடு மாறியது. அச்சுக்குப் பொருள் தேடிக் கையொப்பம் திரட்ட வேண்டியிருந்தது. அச்சகப் பணிக்குக் கல்லூரி விடுமுறையில் சென்னை செல்ல வேண்டியிருந்தது. இத்தனைக்கும் இடையே வகுப்பறைப் பணி வழுவவில்லை. முழு நேரமும் ஓய்வுடையவர் செய்த செயலன்று இது. ஊதியத்திற்கு உழைத்த ஒருவர் எஞ்சிய பொழுதில் செய்தது.

நூலின் குறைகளையும் சுட்டுதல் திறனாய்வின் கடமை. எண்பத்தைந்து வயதை ஒட்டிய முதியவர் பின்னோக்கிச் சொல்வதால், வளைந்து சென்ற பாதை சில இடங்களில் நேர்வழி போலத் தோன்றுகிறது. ஆதரித்தோர் பால் கொண்ட நன்றியுணர்ச்சியால் புகழுரை மிகுகின்ற இடங்களும் உள. இவற்றினும் பெரிதாக நமக்குத் தோன்றும் குறை ஒன்று உண்டு. ஆசிரியரும் புரவலரும் நண்பரும் நிரம்பிய இந்நூலில் அவர்தம் மனைவியார் பற்றிய செய்தி மிகச் சுருக்கம். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவருக்கு வீட்டைக் காத்தவர் யார்? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவரின் ஒழுங்கு எந்த அத்தியாயத்தில் எழுதப்பட்டது? அக்காலத்து வழக்கம் அது என்று அமைதி கூறலாம். இக்காலத்தில் வாழும் நாம் அவ்வமைதியோடு நின்றுவிடுதல் ஆகாது. ஒருவரின் தற்கட்டுப்பாடு என்று நாம் புகழ்வதில் பாதி மற்றொருவரின் உழைப்பாக இருக்கக்கூடும். தேர்வில் வென்ற பிள்ளைக்கு மாலையிடும் சங்கங்கள் அப்பிள்ளையின் தாயையும் மேடைக்கு அழைப்பது நன்று.

இவ்வாறு நோக்குமிடத்து, நாம் முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை தெளிவாகிறது. பிள்ளையின் மன உறுதியில் மட்டும் குறையைத் தேடுதல் முறையன்று. தந்தையார் கைபேசியிலும் தாயார் தொலைக்காட்சியிலும் ஆழ்ந்திருக்க, பிள்ளை மட்டும் தனியறையில் தன்னை அடக்கி ஆள வேண்டும் என்பது நடவாத காரியம். உடனிருந்து பாடம் கேட்ட முதலியாரைப் போலப் பெற்றோரும் நாள்தோறும் அரை மணி நேரம் புத்தகத்தோடு அமர்வாராயின், அட்டவணை சுவரில் இல்லாவிடினும் ஒழுங்கு வீட்டில் நிலைபெறும். தொடங்குவதற்கு ‘என் சரித்திரமே’ ஏற்ற நூல். கடுநடையன்று; அத்தியாயங்களும் சிறியன; இன்று இணையத்திலும் கிடைக்கிறது. இரவு உணவிற்குப் பின் ஓர் அத்தியாயத்தை ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம். எழுத்தறியாப் பிள்ளையும் கேட்டுக் கேட்டுத் தமிழ் அறியும்.

சேர மன்னரைப் பாடும் பதிற்றுப்பத்தை ஐயர் 1904இல் பதிப்பித்தார். அச்சேர நாட்டில் நின்றுகொண்டு தமிழ் நமக்கு அயல்நாட்டுப் பொருள் என்று நம் பிள்ளைகள் எண்ணுமாறு விடலாகாது. இச்சங்கத்தைச் சேர்ந்த இல்லம் ஒன்றிலேனும் அடுத்த ஆண்டுக்குள் ஒரு நூல் முழுவதும் படித்து முடிக்கப்படுமாயின், அன்று அவ்வீட்டு வாயிலில் கும்பகோணத்துச் சமணர்போல மாவிலைத் தோரணம் கட்டுக. அழைப்பு வரின் நாம் தவறாமல் வருவோம்.