நடுமடிப்பு

ஜெயமங்கலத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பைண்டு புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது எழுந்த யோசனைகள் இவை. எழுபதுகளில் ஒரு வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதை. வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ முதுகு கொடுத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். பல அத்தியாயங்களின் தொடக்கத்தில் எதிரெதிராக உள்ள இரண்டு பக்கங்களிலும் பரவிய ஒரே படம். அப்படி ஒரு படத்தில் கதாநாயகி நிற்கிறாள். புடவை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே தென்னை இருக்கிறது. முகம் இல்லை. இடப்பக்கம் ஒரு காது, வலப்பக்கம் ஒரு கொத்து முடி. நடுவில் இருந்ததைத் தையல் தின்றுவிட்டது.

பைண்டு செய்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. தனித்தனித் தாள்களைப் பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்தால் உள்விளிம்பு போகத்தான் செய்யும். வரிகளுக்கு உள்ளோரத்தில் வெற்றிடம் விட்டிருந்ததால் கதை பிழைத்தது, படத்துக்கு விடவில்லை. இரண்டு பக்கங்கள் ஒரு பக்கம் அல்ல என்ற சாதாரண விஷயத்தைப் பத்திரிகை மறைத்தது. ஊசியும் நூலும் காட்டிக்கொடுத்தன.

எதிரெதிர்ப் பக்கம் என்பதே நமக்குப் பழைய விஷயமல்ல. கயிற்றில் கோத்த ஓலைச்சுவடியில் இடப்பக்கம் வலப்பக்கம் கிடையாது. ஒரு ஏட்டைத் தள்ளினால் அடுத்த ஏடு. மடித்துத் தைத்த காகிதப் புத்தகத்தோடுதான் நடுமடிப்பு வந்தது. அச்சுக்கூடத்தின் கணக்கு வேறு. பாரத்தில் எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ ஏற்றும்போது, படிக்கையில் அருகருகே வரும் பக்கங்கள் பெரும்பாலும் அங்கே அருகருகே இருப்பதில்லை. நடுவில் பின் அடித்த பத்திரிகையில் சரிபாதியில் வரும் ஒரு ஜோடிதான் உண்மையில் ஒரே தாள். 'நடுப்பக்கம்' என்ற சொல்லுக்கு நம் பத்திரிகைகளில் ஏற்பட்ட கௌரவத்துக்கு இந்தப் பௌதிகக் காரணமும் உண்டு. மற்ற இடங்களில் பெரிய படம் போட வேண்டுமானால் அதை இரண்டாக வெட்டி, இரண்டு பிளாக் செய்து, மடிப்பில் பொருந்தும் என்று நம்ப வேண்டும். ஆஃப்செட் வந்தபின் வேலை சுலபமாயிற்று. படத்தை இரண்டு பக்கத்துக்கும் பரப்புவது வழக்கமாகி, பிறகு விதியாகவே ஆகிவிட்டது.

'டபுள் ஸ்பிரெட்' என்று பத்திரிகை அலுவலகங்களில் சொல்லப்படும் இதற்குச் சம்பிரதாயங்கள் உண்டு. முகத்தையும் எழுத்தையும் மடிப்பில் வைக்கக்கூடாது. நாம் பார்த்த படம் மீறியது இதைத்தான். உருவங்கள் உள்நோக்கிப் பார்க்க வேண்டும். வெளிநோக்கிப் பார்த்தால் வாசகனின் கண்ணும் பக்கத்தைவிட்டு வெளியே போய்விடும். தலைப்பு பெரிதாக, ஒரு சொல்லாவது மடிப்பைத் தாண்ட வேண்டும். கதை வலப்பக்கத்தின் கீழ்க்கோடியில், ஒரு சிறு கட்டமாக, இடம் கேட்டு ஒதுங்கி நிற்பதுபோல ஆரம்பிக்கும். இவை தொழில் நுணுக்கங்கள். தம்மளவில் தவறானவை அல்ல. ஆனால் இவை எல்லாம் சேர்ந்து செய்யும் காரியம் ஒன்று: வாசிப்பதற்கு முன்பே வாசித்துவிட்ட உணர்வை வாசகனுக்குக் கொடுத்துவிடுகின்றன. அவள் அழப்போகிறாள் என்று படம் சொல்லிவிட்டது. எழுத்து அதற்குச் சாட்சி சொன்னால் போதும்.

ஓவியர்களின் திறமை பற்றிய கேள்வி அல்ல இது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்ததையும், விகடனில் 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு வரைந்ததையும் தள்ளிவிட்டு நம் ரசனையின் சரித்திரத்தை யாரும் எழுத முடியாது. இன்றைக்கும் பலருக்கு வந்தியத்தேவன் என்றால் மணியத்தின் வந்தியத்தேவன்தான். அந்தப் பலமே நான் சொல்ல வருவதற்கும் ஆதாரம். ஒரு நல்ல படம் எழுத்தின் இடத்தை எவ்வளவு முழுமையாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதை அது காட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கங்களை ஒரே வெளியாகப் பார்க்க முனைந்தவர்களில் முக்கியமானவர் ஒரு கவி. மல்லார்மேயின் 'பகடை வீச்சு' 1897இல் 'காஸ்மோபொலிஸ்' பத்திரிகையில் முதலில் வந்தபோது பக்கம் பக்கமாகவே அச்சாயிற்று. அவர் விரும்பியது வேறு. அவர் இறந்து பதினாறு வருஷங்களுக்குப்பின், 1914இல் வந்த புத்தகத்தில்தான் வரிகள் இடப்பக்கத்தில் தொடங்கி மடிப்பைத் தாண்டி வலப்பக்கத்தில் இறங்கின. அங்கே மடிப்பு மறைக்கப்படவில்லை. கண் ஒரு கணம் அதில் விழுந்து எழ வேண்டியிருக்கிறது. அந்தக் கணம் கவிதைக்குச் சேர்ந்தது. பின்னால் நியூயார்க்கில் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையில் பிரோடோவிச் 1934லிருந்து 1958வரை வெற்றிடத்தையும் புகைப்படத்தையும் வைத்து இரட்டைப் பக்கங்களை அமைத்தார். அந்த வெற்றிடம் நாகரிக உடைகளுக்குப் பின்னணியாயிற்று. ஒரே உத்தி, சேவகம் வேறு.

இனி நம் பக்கம். 1959 ஜனவரியில் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பாவின் பெயரில் உள்ள 'சி', சின்னமனூர். ஜெயமங்கலத்துக்கும் சின்னமனூருக்கும் இன்று ஒரே மாவட்டம். அட்டைப்படம் இல்லாத அவருடைய பத்திரிகை வியாபாரப் பத்திரிகைக்குப் பதிலாக வைக்கப்பட்ட ஒரு வாதம். ஆனால் அவருக்குப் பின்வந்த நாம் அந்த வாதத்தைச் சௌகரியமாக்கிக்கொண்டோம். படம் போடாததே சுத்தம் என்றாயிற்று. பிறகு பக்கத்தைப் பற்றி யோசிக்காததே சுத்தம் என்றாயிற்று. காகிதம் மிச்சமாக வேண்டும் என்று கவிதையைக் கட்டுரையின் வாலில் ஒட்டினோம். நான் பல வருஷங்கள் ஒரு கவிதையைப் பாதியாகவே தெரிந்துவைத்திருந்தேன். வலப்பக்கத்தின் அடியில் ஒரு நல்ல வரியோடு அது நின்றது. மிச்சம் மூன்று வரிகள் அடுத்த பக்கத்தின் தலையில், ஒரு புத்தக விமர்சனத்துக்கு மேலே அனாதையாக இருந்ததை மிகப் பிந்தித்தான் பார்த்தேன். அந்த மூன்று வரிகள் இல்லாத கவிதைதான் மேல் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை நீக்கியிருக்க வேண்டியவன் கவி. அச்சுக்கோப்பவரின் இடநெருக்கடி அல்ல.

புதுக்கவிதைக்காரன் இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்கவே முடியாது. யாப்பு இருந்தவரை அடி எங்கே முடிகிறது என்று காது சொல்லும். எழுதியவர் எப்படி எழுதினாலும் வெண்பா வெண்பாதான். யாப்பை விட்டபின் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி கண்ணுக்கு வந்துவிட்டது. வரி எங்கே மடங்குகிறது, எங்கே வெற்றிடம், எங்கே பக்கம் திருப்பப்படுகிறது என்பவையெல்லாம் உருவத்தைச் சேர்ந்தவை. உருவம் பற்றி ஐம்பது வருஷத்துக்குமேல் பேசிய நாம், அது நிற்கும் பக்கத்தைப் பற்றிப் பேசியது சொற்பம்.

பேசாததன் விளைவு இப்போது தெரிகிறது. கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது யாருக்கும் எட்டும் காரியமாகிவிட்ட பிறகு, இலக்கியப் பத்திரிகைகள் பலவும் வாரப்பத்திரிகையின் அதே இரட்டைப் பக்கத்தைக் கடன் வாங்கியிருக்கின்றன. மழை பெய்த ஒரு தெருவின் புகைப்படம் இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. அதன் இருட்டான மூலையில் வெள்ளை எழுத்தில் கவிதை. கவிதையில் மழை என்ற சொல் வந்திருக்கும்; அதுதான் காரணம். பன்னிரண்டு வரிக் கவிதை ஒரு புகைப்படத்தின் அடிக்குறிப்பாகிவிட்டது. வாரப்பத்திரிகைத் தொடர்கதைக்காவது அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தது. கவிதைக்கு அந்தப் பக்கத்தைத் தவிர வேறு இடமில்லை.

ஓவியமே வேண்டாம் என்பதல்ல. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த கோடுகள் கதையில் நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டவில்லை. அந்த மனிதர்களின் உடலை, அவர்கள் நிற்கும் விதத்தை மட்டும் காட்டின. எழுத்தும் கோடும் எதிரெதிரே இருந்தன. ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. அதுவும் ஒரு வணிகப் பத்திரிகையில்தான் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே கேட்பது பெரிதல்ல. கவிதை முடியாமல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் எந்த வரியில் திரும்புகிறது என்று ஆசிரியர் கவியைக் கேட்கட்டும். இரண்டு கவிதைகளை எதிரெதிரே வைத்தால், அவை ஒன்றோடொன்று பேசும் என்று தெரிந்து வைக்கட்டும். எதிர்வாதம் ஒன்று வந்தால் அடுத்த இதழுக்குத் தள்ளாமல் எதிர்ப்பக்கத்தில் போடட்டும். இதற்குக் கூடுதல் காகிதமோ வண்ணமோ தேவையில்லை. மடிப்பு ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் போதும்.

அந்த பைண்டு புத்தகத்தைத் திரும்பப் பரணில் வைக்குமுன், வீட்டுப் பெரியவரிடம் முகம் போன படத்தைக் காட்டினேன். ஒருகணம் பார்த்தார். "தெரியுமே, இடப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கிட்டு நிப்பா" என்றார். கதை என்ன என்று கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை.